முப்பது வயதில் ஏன் கதவை மூடுகிறீர்கள்? கேடட் திட்டம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

புதியவர்களைத் தேர்ந்தெடுத்து விமானிகளாகப் பயிற்றுவிக்கும் கேடட் திட்டங்களை நடத்தும் விமான நிறுவனங்களின் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கும், விமானப் பயிற்சிப் பள்ளிகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

விமானி ஆக வருகிறவர்களுக்கு நேவிகேஷனும் வானிலையியலும் சொல்லித்தருவது என் வேலை. சேர்வதற்கு முன்பு பேச வருகிறவர்களில் பலர் பாடத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. "எனக்கு வயது 33, இனிமேல் முடியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருவருக்கு 29 இருக்கும், இன்னொருவருக்கு 41. பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு பதிலை வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள். "விதிப்படி 30 தாண்டினால் முடியாது" என்று எங்கோ ஒரு சேர்க்கை அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சர்வதேச விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆண்டுக்கணக்காக இதைத் திருத்திச் சொல்லிச் சொல்லி, இனி உங்களிடமே நேராகச் சொல்வதுதான் சரி என்று இந்த மடலை எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதித்தொகுப்பில் முதல் இணைப்பு ஆவணம்தான் உலகம் முழுவதும் விமானி உரிமங்களுக்கு அடிப்படை. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது ஆகியிருக்க வேண்டும். வணிக விமானி உரிமமான சி.பி.எல்.லுக்கு 18. விமான நிறுவனக் கூட்டுப் பயிற்சியில் தரப்படும் எம்.பி.எல். உரிமத்துக்கும் 18. பெரிய விமானத்தின் கேப்டனுக்குத் தேவையான ஏ.டி.பி.எல்.லுக்கு 21. அமெரிக்கா அந்தக் கடைசி உரிமத்துக்கு 23 கேட்கிறது, சில வழிகளில் வருவோருக்கு 21-இலும் கட்டுப்பாடுகளோடு தருகிறது. இவை எல்லாமே கீழ் வரம்புகள். "இந்த வயதுக்கு மேல் பயிற்சி தொடங்கக் கூடாது" என்று அந்த இணைப்பில் எங்குமே இல்லை.

மேல் வரம்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறொரு இடத்தில் இருக்கிறது. பயணிகளையோ சரக்கையோ கட்டணத்துக்கு ஏற்றிக்கொண்டு நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தை ஒரே விமானி ஓட்டினால் 60 வயதுவரை ஓட்டலாம். இரண்டு விமானிகள் இருந்தால் 65 வரை. உள்நாட்டுப் பறத்தலுக்கு ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி முடிவு செய்துகொள்கிறது. ஜப்பான் 2015 முதல் 67 வயதுக்காரர்களையும் பறக்க விடுகிறது, ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பறத்தலுக்கு மேல் வரம்பே இல்லை. ஆக, தொடங்க 18-க்கு அருகில் ஒரு கோடு, முடிக்க 65-க்கு அருகில் ஒரு கோடு. நடுவில் 28, 30, 32 என்று நிற்கும் கோடுகளைப் போட்டது நீங்கள். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது என்பதாலேயே அது சட்டம் ஆகிவிடாது. படிவத்தைப் படிக்கும் இளைஞருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தொலைபேசியில் பதில் சொல்லும் உங்கள் ஊழியருக்கும் பல நேரம் தெரிவதில்லை.

சரி, உங்கள் பக்கத்துக் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். முதல் காரணம் பணம். பயிற்சிக்கு நிறுவனம் செலவழிக்கிறது அல்லது கடனுக்கு உத்தரவாதம் நிற்கிறது, அந்த முதல் திரும்பி வர வேண்டும் என்பீர்கள். நியாயமான கவலைதான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 38 வயதில் ஒருவர் சேர்கிறார் என்று வையுங்கள். பயிற்சி, உரிமம், குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தகுதி எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுகள் ஆனாலும் 40 வயதில் துணை விமானியின் வலதுபக்க இருக்கையில் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து 65 வரை 25 ஆண்டுகள். நீங்கள் எழுதி வாங்கும் பயிற்சி ஒப்பந்தங்கள் எத்தனை ஆண்டுக்கு இருக்கின்றன என்று நீங்களே பாருங்கள். அந்தக் காலத்தைப் போல் பல மடங்கு அவர் உங்களிடம் பறக்க முடியும். 22 வயதில் சேர்ந்தவர் ஒப்பந்தம் முடிந்த கையோடு பெரிய விமானம் வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விடுவதும் நீங்கள் அறியாததல்ல. குடும்பம், வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று ஓரிடத்தில் வேரூன்றிய 40 வயதுக்காரர் அப்படிச் சட்டென்று கிளம்பமாட்டார். முதல் திரும்பி வருமா என்பதுதான் கேள்வியென்றால், 38-இல் வருகிறவரை மறுக்க அதில் காரணம் இல்லை. 52-இல் வருகிறவருக்குக் கணக்கு வேறு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது காரணம் கற்கும் திறன். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கையும் கண்ணும் சேர்ந்து பழகும் வேலைகளில் இளையவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வது உண்டு. முதல் தனிப்பறத்தலுக்கு முன்னால் வயதில் மூத்த மாணவருக்குக் கூடுதலாகச் சில மணிநேரம் தேவைப்படலாம். தரையிறக்கத்தின் கடைசி நொடிகளில் மூக்கை எப்போது தூக்குவது என்ற உணர்வு 19 வயதுக்காரருக்குச் சீக்கிரம் வந்துவிடும், 39 வயதுக்காரர் அதை யோசித்து யோசித்துச் செய்வார். ஆனால் ஒரே வயதுக்காரர் இருவருக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் பல நேரம் இதைவிடப் பெரியது. அதை அளக்கத்தானே நுழைவில் திறனறித் தேர்வு வைக்கிறீர்கள்? சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்க்கிறீர்கள், குழுவாகப் பேச வைத்துப் பார்க்கிறீர்கள். அந்தத் தேர்வுகளில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் 36 வயதுக்காரரையும் அதே தேர்வில் உட்கார வையுங்கள். தேறினால் எடுங்கள், தேறாவிட்டால் அனுப்புங்கள். தேர்வறைக்கு வெளியிலேயே பிறந்த ஆண்டைப் பார்த்து நிறுத்துவது, உங்கள் தேர்வை நீங்களே நம்பவில்லை என்றுதான் காட்டுகிறது.

வகுப்பில் நான் பார்க்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வானிலையியல் வகுப்பில் முன்னறிக்கைக் குறியீடுகளை இளையவர்கள் வேகமாகப் படித்துவிடுவார்கள், எனக்கே சில நேரம் வியப்பாக இருக்கும். அப்புறம் "இந்த வானிலையில் கிளம்புவீர்களா?" என்று கேட்பேன். அங்கேதான் வேகம் உதவுவதில்லை. பராமரிப்புக் கூடத்தில் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர், மருத்துவமனையில் இரவுப் பணி செய்த செவிலியர், விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர் ஆகியோர் "கிளம்பமாட்டேன்" என்று சொல்லவும், ஏன் என்று விளக்கவும் தயங்குவதில்லை. மேலதிகாரி முகம் சுளித்தாலும் ஒரு முடிவில் நின்று பழகியவர்கள் அவர்கள். விமானி அறையில் துணை விமானி வாய் திறக்காததால் நடந்த விபத்துகளைப் பாடமாகவே வைத்திருக்கிறோம். 1977-இல் ஸ்பெயினின் டெனரிஃபே தீவில் ஒரு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பாதை காலியாகிவிட்டதா என்று விமானி அறைக்குள் ஒருவர் சந்தேகம் எழுப்பியும் கேப்டன் நிறுத்தவில்லை. குழுவாக இயங்கும் பயிற்சி உலகம் முழுவதும் கட்டாயமானதற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம். அந்தப் பயிற்சியில் நாம் சொல்லித்தர முயலும் துணிவு, பலருக்கு வேறொரு தொழிலில் சில ஆண்டுகள் அடிபட்ட பிறகே வருகிறது. அப்படிப்பட்டவர்கள் கையில் கட்டணமும் படிப்பும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது வயதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறீர்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொரு விஷயம். 18 வயதில் இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டக்கூடியவர் யார்? பெற்றோரிடம் பணமோ அடமானம் வைக்கச் சொத்தோ இருப்பவர்தான். அது இல்லாதவர் முதலில் வேறு வேலைக்குப் போகிறார். தம்பி தங்கை படிப்பு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சேமிக்கத் தொடங்கும்போது 28 ஆகியிருக்கும். போதுமான பணம் சேரும்போது 34. பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வரும் பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். நீங்கள் 30-இல் கோடு போடும்போது உங்கள் எண்ணம் அதுவாக இல்லாவிட்டாலும், பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறீர்கள். விமானி அறையில் பெண்கள் குறைவாக இருக்கிறார்களே என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். முதலில் இந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பேசலாமே.

வாசல் அடைத்திருந்ததால் தாமதமாக நுழைந்தவர்கள் இந்தத் தொழிலின் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் ஃபிரான்டியர் நிறுவனம் 1973-இல் எமிலி ஹவெல் வார்னரை விமானியாகச் சேர்த்தபோது அவருக்கு வயது 33. அதற்கு முன்பு பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவர் அவர். தன்னிடம் பறக்கக் கற்ற ஆண்கள் ஒவ்வொருவராக விமான நிறுவனங்களில் சேர்வதைப் பார்த்துக்கொண்டே, தானும் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தவர். 1976-இல் கேப்டன் ஆனார். இன்றைய பல கேடட் படிவங்களின் வயதுக் கட்டத்தை அவரால் நிரப்பியிருக்க முடியாது.

உங்களை நேராகவே ஒன்று கேட்கிறேன். அமெரிக்கா 1959-இல் விமானிகளுக்கு 60 வயது வரம்பை அறிவித்தது. பல பத்தாண்டுகள் அது மாற்ற முடியாத ஒன்றாகவே பேசப்பட்டது. 2006-இல் ஐ.சி.ஏ.ஓ. சர்வதேச வரம்பை 65 ஆக்கியது, மற்ற விமானி 60-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2007 டிசம்பரில் அமெரிக்காவும் 65-க்கு வந்தது. 2014-இல் அந்த நிபந்தனையையும் ஐ.சி.ஏ.ஓ. எடுத்துவிட்டது. ஐரோப்பாவில், கூட்டு ஒப்பந்தத்தின் பெயரால் 60 வயதில் விமானிகளை வீட்டுக்கு அனுப்புவது வயதுப் பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவன வழக்கில் சொன்னது. அதே நீதிமன்றம் 2017-இல், வணிகப் போக்குவரத்துக்கு 65 என்ற வரம்பு பாதுகாப்புக்காக ஏற்கத்தக்கதே என்றும் சொன்னது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் நிலைப்பாடு தெளிவாகவே இருக்கிறது. பாதுகாப்புக்காக வரம்பு வைக்கலாம், ஆனால் அதற்குத் தேவையான அளவுக்கு மேல் வைக்கக் கூடாது. 2025-இல் விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ., வரம்பை 67 ஆக்க வேண்டும் என்று ஐ.சி.ஏ.ஓ.வில் முன்மொழிந்தது. 66 வயது கேப்டன் பாதுகாப்பாகப் பறப்பார் என்று வாதாடுகிற துறை, 32 வயது மாணவருக்கு விண்ணப்பம் தர மறுப்பதை எந்த அளவுகோலால் நியாயப்படுத்துகிறது? இதற்கு எழுத்தில் ஒரு பதிலை எந்தத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

உடல்நலம்தான் காரணம் என்றால் அதற்கும் தனியாக ஒரு வாயில் ஏற்கெனவே இருக்கிறது. வணிக விமானிக்குக் கிளாஸ் 1 மெடிக்கல் எனும் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். வழக்கமாக 12 மாதம் செல்லும். பயணிகளை ஏற்றிக்கொண்டு தனியாகப் பறப்பவருக்கு 40 வயதுக்கு மேல் அது 6 மாதமாகக் குறைகிறது, 60-க்கு மேல் வணிகப் போக்குவரத்தில் பறக்கும் எல்லாருக்கும் 6 மாதம். ஈ.சி.ஜி. எடுக்கும் இடைவெளியும், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் இடைவெளியும் வயது கூடக்கூடச் சுருங்குகின்றன. வயதால் வரும் ஆபத்தை இப்படி ஆளுக்கு ஆள் சோதித்துப் பார்க்க விதியிலேயே ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேலே பொத்தாம்பொதுவாக இன்னொரு கோடு எதற்கு?

பயிற்சிப் பள்ளிகளிடம் எனக்கு வேறொரு மனக்குறை. விமான நிறுவனங்கள் வயதைச் சொல்லி மறுக்கின்றன என்றால், உங்களில் சிலர் வயதைப் பற்றிப் பேசவே மறுக்கிறீர்கள். யார் வந்தாலும் "கனவுக்கு வயதில்லை" என்று சொல்லிப் பணத்தை வாங்கிவிடுகிறீர்கள். 45 வயதில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்றால் அவரிடம் சில விஷயங்களை முதல் நாளே சொல்லியாக வேண்டும். சி.பி.எல்.லுக்கு மொத்தம் 200 மணிநேரப் பறத்தலும், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150 மணிநேரமும் விதியின் குறைந்த அளவுதான். உரிமம் கையில் வந்த உடனே வேலை வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஏ.டி.பி.எல்.லுக்கு 1,500 மணிநேரம் வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ நகர் அருகே நடந்த கோல்கன் நிறுவன விமான விபத்துக்குப் பிறகு, துணை விமானிக்கே அந்த உரிமம் வேண்டும் என்று ஆகிவிட்டது. எனவே அங்கே போகிறவர் நடுவில் சில ஆண்டுகள் பயிற்றுநராகவோ வேறு சிறு பறத்தல் வேலைகளிலோ மணிநேரம் சேர்க்க வேண்டியிருக்கும். பல நிறுவனங்களில் கேப்டன் இருக்கையும் சம்பளமும் சேர்ந்த தேதியின் வரிசைப்படிதான் வரும். 48-இல் சேர்கிறவர் நீண்ட காலம் வலதுபக்கமே உட்கார்ந்திருக்க நேரலாம். பெரிய நிறுவனம் கிடைக்காவிட்டால் சின்ன விமானத்தில் தனியாகச் சார்ட்டர் எனும் வாடகைப் பறத்தல் ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு, நாடு தாண்டிய பறத்தலில் அந்த வழி 60-இலேயே அடைபடும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதை எல்லாம் கேட்ட பிறகும் அவர் சேர விரும்பினால் மனநிறைவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்காமலேயே கடன் வாங்கி வந்தவரைச் சேர்த்தால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மெடிக்கலை முதலில் எடுக்கச் சொல்வதும் அப்படித்தான். கிளாஸ் 1 சான்றிதழ் கையில் இல்லாதவரிடம் முழுக் கட்டணத்தையும் வாங்காதீர்கள். நிறப் பார்வைக் குறைபாடு, தெரியாமலிருந்த இதயக் கோளாறு, சில மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வது போன்ற காரணங்கள் 19 வயதிலும் ஒருவரை நிறுத்தலாம், 39-இலும் நிறுத்தலாம். பணம் கட்டி ஆறு மாதம் கழித்து அது தெரியவரும் குடும்பத்தின் நிலையை நேரில் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு ஆகும் செலவு பயிற்சிச் செலவில் மிகச் சிறிய பங்கு. அதைச் சேர்க்கைக்கு முன்நிபந்தனையாக்க உங்களை எந்த விதியும் தடுக்கவில்லை.

வயதின் மறுமுனையையும் மறந்துவிடக் கூடாது. 16 வயதில் தனியாகப் பறக்கப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 15, கனடாவில் மாணவ விமானி அனுமதி 14 வயதிலேயே கிடைக்கும். இயந்திரமில்லாத கிளைடரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 14 வயதுப் பிள்ளை தனியாகப் பறக்கலாம். அப்படியானால் 14 வயதுக் கைகளுக்கு விமானத்தை ஓட்டத் தெரியும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. பிறகு ஏன் வணிக உரிமத்துக்கு 18? முன்பின் தெரியாத மனிதர்களின் உயிரைக் கூலிக்கு ஏற்றுக்கொண்டு, யார் அவசரப்படுத்தினாலும் "இன்று முடியாது" என்று சொல்லும் பொறுப்பு அதில் வருகிறது. 1996 ஏப்ரலில் அமெரிக்காவின் ஷையென் நகரில் 7 வயதுச் சிறுமியை வைத்து நாட்டைக் கடக்கும் சாதனைப் பறத்தல் ஒன்று நடந்தது. கெட்ட வானிலையில், அளவுக்கு மீறிய எடையோடு கிளம்பி விழுந்ததில் சிறுமியும் தந்தையும் பயிற்றுநரும் இறந்தார்கள். கிளம்பலாம் என்று முடிவெடுத்தவர் பெரியவர்தான். ஊடகங்கள் காத்திருக்கின்றன, அட்டவணை தவறக் கூடாது என்ற நெருக்கடி அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. உரிமமில்லாத பிள்ளைகளை வைத்து இப்படிச் சாதனை முயற்சி செய்யக் கூடாது என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது.

இதை நினைவூட்டக் காரணம், 17 வயதுப் பிள்ளைகளை வேகமாக முடித்துத் தருகிறோம் என்று சில பள்ளிகள் விளம்பரம் செய்வதுதான். 18 பிறக்கும்வரை வணிக உரிமம் கிடையாது. அதற்கு முன்பே பறத்தலை முடித்துவிட்டால் நடுவில் கை பழக்கம் விட்டுப்போகும். எழுத்துத் தேர்வு முடிவுகளுக்குச் செல்லுபடிக் காலமும் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நிதானமாக வந்தால் அந்தப் பிள்ளை இழப்பது ஒன்றுமில்லை, எப்படியும் 21-க்கு முன் கேப்டன் உரிமம் வராது. 18 நிரம்பாத மாணவரின் பெற்றோரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்காமல், தனிப்பறத்தல், தனியார் உரிமம், வணிக உரிமம் என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள். பிடிக்காமல் போனால் வெளியேற அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கட்டும். வீட்டார் ஆசைக்காக வந்து, ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்னால் முகம் வெளிறிப்போகும் மாணவர்களை எனக்குத் தெரியும். கட்டிய பணம் திரும்பாது என்ற ஒரே காரணத்துக்காகத் தொடர்கிறார்கள்.

விமான நிறுவனங்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் அடுத்த கேடட் அறிவிப்பில் மேல் வயது வரம்பை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதென்றால், எந்தக் கணக்கில் அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதுங்கள். "பயிற்சி முடிந்த பின் இத்தனை ஆண்டுகள் பணி தேவை" என்று எழுதினாலே போதும், 65-இலிருந்து கழித்து அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். அதுவும் முடியாதென்றால், குறைந்தபட்சம் உங்கள் சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர்களிடம், "இது எங்கள் நிறுவனத்தின் முடிவு, அரசு விதி அல்ல, வேறு இடத்தில் முயன்று பாருங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் கிடைக்காமல் போனதால் முயற்சியையே கைவிட்டவர்களோடு பேசியிருக்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,

விமானி மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர்